ஒரு வகுப்பு, இரண்டு நாட்காட்டி: கத்தோலிக்கப் பள்ளியின் உயர் தொடக்கநிலை ஆண்டு எப்படி?

10 முதல் 12 வயதுப் பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பார்க்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஆண்டுத் திட்டத்தை. இந்தப் பள்ளிகளில் இரண்டு நாட்காட்டிகள் ஓடுகின்றன. ஒன்று பருவம், தேர்வு, விடுமுறை என்று போகும் பள்ளி நாட்காட்டி. மற்றொன்று திருவருகைக்கால முதல் ஞாயிறன்று, அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே வரும் ஞாயிறன்று தொடங்கும் திருவழிபாட்டு ஆண்டு, அதாவது திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டி. திருவருகைக்காலம் என்பது கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய தயாரிப்புக் காலம். இரண்டையும் பின்னத் தெரிந்த பள்ளியில் பிள்ளைக்கு மற்ற இடங்களில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். பின்னத் தெரியாத இடத்தில் மறைக்கல்வியும் (சமயப் பாடமும்) ஒப்புக்கு நடக்கும், கணக்கும் பின்தங்கும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அது தொடங்கும் திருநீற்றுப் புதன் 2024இல் பிப்ரவரி 14 அன்று வந்தது, 2025இல் மார்ச் 5 அன்று, 2026இல் பிப்ரவரி 18 அன்று. ஏன் இப்படி நகர்கிறது? மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்பு ஞாயிறு. முழுநிலவு ஞாயிறன்றே வந்தால் அதற்கடுத்த ஞாயிறு. ஆகவே அது மார்ச் 22க்கு முன்னும் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டியும் போகாது. திருச்சபை இதற்கு வானத்து நிலவைப் பார்ப்பதில்லை, தன் கணக்கு அட்டவணையைப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தவக்காலம் 40 நாள் என்று சொல்லிவிட்டு நாட்காட்டியைக் கையில் கொடுத்தால், எண்ணிப் பார்க்கும் பிள்ளை 46 என்றுதான் சொல்லும். 2026க்கு எண்ணுங்கள்: பிப்ரவரியில் 11, மார்ச்சில் 31, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய நாளான புனித சனி வரை ஏப்ரலில் 4. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அதனால் நோன்புக் கணக்கில் சேராது என்ற விளக்கத்தை இந்தக் கழித்தலுக்குப் பிறகு சொன்னால் மனதில் நிற்கும், முன்னாலேயே சொல்லிவிட்டால் நிற்காது. ஞாயிறு திருப்பலியில் எந்த நற்செய்தி வாசிக்கப்படும் என்று சொல்லும் மூன்றாண்டு வாசக வட்டமும் இப்படித்தான். ஆண்டை 3ஆல் வகுத்து மீதி 1 வந்தால் மத்தேயு, 2 வந்தால் மாற்கு, மீதியில்லை என்றால் லூக்கா. 2025இன் இலக்கக் கூட்டல் 9, அது 3ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் லூக்கா; 2026 மத்தேயு. திருவருகைக்காலத்திலேயே அடுத்த ஆண்டின் வட்டம் தொடங்கிவிடுவதால், டிசம்பரில் போடும் கணக்கு மட்டும் ஓர் எண் தள்ளி நிற்கும். பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக் குதிக்கும் இடம் அது.

இதே வகுப்பில் தவக்காலத்தின் நிறமான ஊதாவில் வண்ணம் தீட்டும் தாள் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. அது ஏழு வயதுக்கான வேலை. 11 வயதுப் பிள்ளையின் மறைக்கல்விக் குறிப்பேட்டில் வண்ணப்படங்களே நிறைந்திருந்தால் அந்தப் பாடவேளை வீணாகிறது என்றே பொருள்.

மறைக்கல்வி வகுப்பில் எல்லாரும் கத்தோலிக்கராக இருப்பதில்லை. பாடமாக நடத்துவதும் விசுவாசத்தில் வளர்ப்பதும் ஒன்றல்ல என்று வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 1988இல் வெளியிட்ட ஏடே பிரித்துக் காட்டியிருக்கிறது. பள்ளி அறிவைக் கொடுக்கும். விசுவாசத்தில் வளர்க்கும் இரண்டாவது வேலையில் பங்குக்கும் (உள்ளூர்க் கோவில் சமூகத்துக்கும்) வீட்டுக்கும்தான் பெரும் பொறுப்பு. இதைப் புரிந்துகொண்ட பள்ளியில் பிற சமயப் பிள்ளை மற்றவர்களைப் போலவே பாடம் படிக்கும், கேள்வி கேட்கும், மதிப்பெண் வாங்கும். திருப்பலியில் அமைதியாக உட்காரும், நற்கருணை வாங்க வேண்டியதில்லை. புரியாத பள்ளியில் அந்தப் பிள்ளையை நூலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது வாய்விட்டு விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொல்லி மதிப்பெண் போடுவார்கள். இரண்டும் தவறு.

விவிலியத்தை வாசிப்புப் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். நல்ல சமாரியர் உவமையை (லூக்கா 10:25-37) எடுத்துக்கொள்வோம்: வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியர் ஒருவர் உதவும் கதை. 'உதவி செய்ய வேண்டும்' என்று எழுதி முடித்தால் அது சின்ன வகுப்பு வேலை. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று சட்ட அறிஞர் கேட்கிறார். அடிபட்டவனுக்கு அடுத்திருப்பவராக நடந்துகொண்டவர் யார் என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். கேள்வியே தலைகீழாகிவிட்டது. பதில் சொல்லும் சட்ட அறிஞரும் 'சமாரியர்' என்ற பெயரை வாயில் வைக்காமல், இரக்கம் காட்டியவர் என்று சுற்றி வளைக்கிறார். இந்த இரண்டு இடங்களையும் பிள்ளை தானே கண்டுபிடித்தால், பாடப்புத்தகத்தின் எந்த உரைநடையையும் அது கவனமாகப் படிக்கும்.

அறிவியலில்தான் சில பள்ளிகள் நழுவுகின்றன. தொடக்க நூலின் ஆறு நாள் படைப்பும் பேரண்டம் விரிவதும் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்வி இந்த வயதில் கட்டாயம் வரும். 'அது வேறு, இது வேறு' என்று மூடிவிடுவது சோம்பல். தொடக்க நூலின் முதல் இரண்டு அதிகாரங்களிலும் படைப்பின் வரிசை வேறுபடுகிறது: முதலாவதில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர், இரண்டாவதில் மனிதனுக்குப் பிறகு விலங்குகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியல் போடச் சொன்னாலே, அது ஆய்வக அறிக்கையாக எழுதப்படவில்லை என்று பிள்ளைக்குப் புரியும். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு குரு. பட்டாணிச் செடிகளில் மரபியல் விதிகளைக் கண்டு 1866இல் வெளியிட்ட கிரெகோர் மெண்டல் ஓர் அகுஸ்தீன் சபைத் துறவி. படங்களாக அவர்கள் சுவரில் தொங்கினால் போதாது, பாடத்துக்குள் வர வேண்டும்.

இனி கணக்கு. இந்த ஆண்டின் கடினமான பகுதி பின்னமும் தசமமும். 1/3 + 1/4 = 2/7 என்று மேலேயும் கீழேயும் கூட்டிவிடுவது, 35 பெரிது என்பதால் 0.5ஐவிட 0.35 பெரிது என்பது: இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே. எண்கோட்டில் இடம் பார்க்கும் முன்பே விதியை மனப்பாடம் செய்துவிட்டார்கள். 12 கட்டம் போட்ட தாள் பட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு 4 கட்டம், நான்கில் ஒரு பங்குக்கு 3 கட்டம் என்று நிழலிட்டால் 7/12 கண்ணில் தெரியும். 0.5ஐ 0.50 என்று எழுதவைத்தால் இரண்டாவதும் சரியாகும். எந்தப் பள்ளிக்கும் பொருந்தும் இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னம் இடைவெளி தாங்காத பாடம். திருப்பலி, பாடல் ஒத்திகை, பாதுகாவலர் திருநாள், கிறிஸ்து பிறப்பு நாடகம் எல்லாம் பெரும்பாலும் காலைப் பாடவேளையைத்தான் எடுத்துக்கொள்ளும், கணக்கும் காலையில்தான் இருக்கும். வாரம் முழுக்க ஒத்திகை என்றால் பின்னப் பாடம் நடுவில் அறுந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒத்திகையைப் பிற்பகலுக்கு மாற்றிய பள்ளிக்கு நாங்கள் தயங்காமல் கூடுதல் மதிப்பெண் கொடுப்போம்.

திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) உறுதிப்படுத்தும் அருளடையாளமான உறுதிப்பூசுதல் பல மறைமாவட்டங்களில் இந்த வயதில் வருகிறது. தயாரிப்பு பங்கில் நடக்கும், பள்ளி துணை நிற்கும். சிக்கல் பாடத்தில் வருவதில்லை, காகிதத்தில் வருகிறது. திருமுழுக்கு வேறு பங்கில் நடந்திருந்தால் சான்றிதழுக்கு அங்கே எழுத வேண்டும், கடைசி வாரத்தில் அது நடக்காது. ஞானப்பெற்றோராக நிற்பவர் பொதுவாக 16 வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாயோ தந்தையோ நிற்க முடியாது. திருமுழுக்கில் நின்றவரே மீண்டும் நிற்பது நல்லது என்கிறது திருச்சபைச் சட்டம். தேதியும் படிவமும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோர் கைக்கு வருகிறதா என்று விசாரியுங்கள்.

சேவைப் பணி என்ற பெயரில் உண்டியல் குலுக்குவதுதான் எங்களுக்கு ஒப்பாத விஷயம். பணம் சேரும், பிள்ளைக்கு ஒன்றும் சேராது. பார்த்தல், ஆராய்தல், செயல்படுதல் என்ற மூன்று படி முறையை திருத்தந்தை 23ஆம் யோவான் 1961ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலேயே பரிந்துரைத்திருக்கிறார். அதன்படி முதலில் பள்ளியின் குப்பையைத் தரம் பிரித்து எடைபோட வேண்டும்; பிறகு ஏன் இவ்வளவு என்று கேட்க வேண்டும்; அதன்பின் ஒன்றை மாற்ற வேண்டும், மாதம் கழித்து மறுபடி எடைபோட வேண்டும். பட்டை வரைபடமும் சராசரியும் அங்கேயே வந்துவிடும். முதல் படியைத் தாண்டி நேராக மூன்றாவதற்குத் தாவுவதே வழக்கமான தவறு.

விளையாட்டும் இசையும் பெரும்பாலும் குறைசொல்ல இடமில்லாமல் இருக்கும். பாடகர் குழு இருப்பதால் இசை ஒரு படி மேல். நூலகத்தில் புனிதர் வரலாறுகள் அடுக்கி இருக்கும், இந்த வயதுக்கான அறிவியல் நூல்கள் குறைவாக இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

சேர்க்கைக்குப் போகும்போது விளம்பரத் தாளை வாங்கி வைத்துவிட்டு, திருவழிபாட்டு ஆண்டில் பொதுக்காலம் எனப்படும் சாதாரண நாட்களின் ஏதாவது ஒரு வாரத்து வகுப்புக் கால அட்டவணையைக் கேளுங்கள். பெருவிழாக்கள் நெருக்காத, குருவின் திருவுடை பச்சையாக இருக்கும் அந்தக் காலம் ஆண்டில் 33 அல்லது 34 வாரம் வரும். அந்த வாரத்தின் மறைக்கல்விக் கட்டத்தில் 'மீள்பார்வை' என்று மட்டும் எழுதியிருந்தால், ஆசிரியரிடம் போன வாரக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.