“வம்சாவளி தேடித் தருகிறோம்” என்பவர்களிடம் முற்பணம் கொடுக்கும் முன்

கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம், “உங்கள் பரம்பரையை ஏழு தலைமுறைவரை ஆவணத்துடன் தேடித் தருகிறோம்” என்று ஆள் பிடிக்கிறார்கள். வெளிநாட்டுச் சொந்தங்களின் மணிவிழாவுக்கு நல்ல பரிசு என்பது அவர்களுடைய பேச்சு. எங்களிடம் அறுபதாயிரம் ரூபாய் முற்பணம் வாங்கினார்கள். ஆசையும் பணமும் கனடாவில் இருக்கும் சித்தப்பாவுடையவை, அலைச்சல் என்னுடையது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே, அந்தப் படியேறியவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும்.

கைக்கு வந்தது தோல் அட்டை போட்ட ஆல்பம். மேலே பொன்னெழுத்தில் குடும்பப் பெயர். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும், அந்தப் பிள்ளையின் பெயர் அவன் பிள்ளைக்கு முன்னால் நிற்கும், பேரன் காலத்தில் பழைய பெயர் கழன்றுவிடும். என் பூட்டனின் பெயர் கதிரவேலு. ஆல்பத்திலோ 1720 தொடக்கம் எல்லா ஆண்களுக்கும் பின்னால் கதிரவேலு ஒட்டியிருந்தது. பூட்டன் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியே அவருடைய பெயரைச் சூடிக்கொண்ட முன்னோர்கள்! வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கென்று செய்த கணினிப் படிவத்தில் எங்களை இட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

சரி, பெயரில்தான் குழப்பம், ஆவணங்களாவது தேறும் என்று பார்த்தால் அவை அதைவிட மோசம். 1851ஆம் ஆண்டின் “பிறப்புச் சான்றிதழ்” ஒன்று. தாள் நல்ல பழுப்பு. ஓரங்கள் கருகியிருந்தன. மடிப்பை விரித்தேன், மடிப்பின் உட்பக்கம் பச்சைப் பால் வெள்ளை. பழைய தாள் முதலில் நைந்து நிறம் மாறுவது மடிப்பில்தான். இது மடித்த பிறகு தேயிலைச் சாயத்தில் நனைத்த தாள். அதற்குமேல் ஒரு வேடிக்கை: “பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம்” என்ற நிரல் அந்தப் படிவத்தில் இருந்தது. நம் பிறப்புச் சான்றிதழ்களில் இருக்கும் நிரல்தான். பாட்டன் எங்கே பிறந்தார் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் உயிர் வந்ததே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு. விக்டோரியா மகாராணி காலத்துப் பதிவாளர் அதை எதற்குக் கேட்டார்?

அடுத்தது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பிலிருந்து எடுத்த “பிரதி”. கம்பெனி முத்திரையோடு, 1803ஆம் ஆண்டுத் திகதி போட்டிருந்தது. கொழும்பு ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது 1796 பெப்ரவரியில். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1799 கடைசியோடு கலைந்துவிட்டது. இல்லாத கம்பெனி எங்கள் காணியைப் பதிந்து முத்திரையும் குத்தியிருக்கிறது.

இதைக் கேட்டபோது அந்த மனிதர் சற்றும் கலங்கவில்லை. “பழைய பதிவுகளில் ஆண்டு முன்னே பின்னே இருக்கும் அக்கா. ஒல்லாந்தர் பக்கம் பிடிக்காவிட்டால் சோழர் பக்கமாகக் கொண்டுபோகலாம், இன்னும் இருபதாயிரம் வரும்” என்றார். பிடவைக் கடையில் கரை மாற்றித் தருவதுபோல் பாட்டனை மாற்றித் தருகிறார்.

பணத்தைவிட எனக்கு எரிவது வேறு. ஆய்வுக்கு மூலப் பிரதிகள் வேண்டுமென்று சொல்லி, அப்பம்மாவின் காணி உறுதியையும் அப்பப்பாவின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டையும் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) வாங்கி வைத்துக்கொண்டார்கள். மிச்சப் பணத்தைக் கட்டினால்தான் தருவார்களாம். உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். கல்வெட்டுக்கு எங்கே போவது? நல்லவேளையாக நல்லூரில் இருக்கும் மாமியிடம் இன்னொரு பிரதி கிடைத்தது. அதை வாசித்தபோதுதான் வயிறு பற்றியது. வெண்பாக்களுக்குப் பின்னால் வம்சாவளி ஒன்று அச்சிட்டிருந்தது: ஐந்து தலைமுறை, பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் எல்லாம் சேர்த்து. எங்கள் கல்வெட்டையே வாங்கி வைத்துக்கொண்டு, அதில் இருந்த உண்மையை விட்டுவிட்டுப் பொய்யை அச்சடித்திருக்கிறார்கள்.

இந்த வேலையை நீங்களே செய்யலாம். முதலில் வீட்டிலுள்ள பிறப்புச் சான்றிதழ்களின் பாட்டனார் நிரலைப் பாருங்கள். என் தம்பியின் சான்றிதழிலேயே அப்பப்பா பிறந்த ஆண்டும் ஊரும் இருந்தன. அங்கிருந்து பின்னோக்கிப் போக, பதிவு நடந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இலக்கமும் திகதியும் தெரியாவிட்டால் தேடித் தரும்படி கேட்கலாம், கட்டணம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயமானது 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு. அதற்கு முந்திய “சான்றிதழ்” ஒன்றை யாராவது நீட்டினால் எந்தப் பதிவேடு, எந்த இலக்கம் என்று கேளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடுகள் உண்டு. கொழும்பு ஒல்லாந்தத் திருச்சபையின் பதிவுகள் 17ஆம் நூற்றாண்டுவரை பின்னோக்கிப் போகின்றன, ஃபேமிலிசேர்ச் தளத்தில் இலவசமாகவே தேடலாம். சைவக் குடும்பங்களுக்குக் கல்வெட்டு, உறுதி, பழைய பத்திரிகைகளின் மரண அறிவித்தல்கள்தான் கதி. “காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் மருமகனும்” என்று நீளும் அந்த அறிவித்தல்களை நாம் கேலி செய்வதுண்டு. ஒரே பத்தியில் இரண்டு குடும்பங்களின் மூன்று தலைமுறை அடங்கியிருக்கும். இப்படியான நினைவு மலர்கள் பல “நூலகம்” என்ற இணையத் தளத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன. தோம்பு உட்பட ஒல்லாந்தக் கம்பெனியின் பதிவுகள் கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை அவை. பழைய ஒல்லாந்த மொழி, பழைய கையெழுத்து. அதை வாசிக்கத் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. தொகுதி எண்ணும் பக்க எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எச்சிலை ஒரு குப்பியில் வாங்கிக்கொண்டு உங்கள் பூர்வீகக் கிராமத்தையே சொல்கிறோம் என்றும் இவர்கள் ஒரு பொதி விற்கிறார்கள். மரபணுச் சோதனை தூரத்து உறவையும் இனக்குழுச் சாயலையும் காட்டும். உடுப்பிட்டியா உரும்பிராயா என்று சொல்லாது.

இவர்களிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் மூலப் பிரதிகளை ஒப்படைத்ததற்குக் கையொப்பத்துடன் எழுத்து வாங்குங்கள். எங்களுக்கு அது இருந்ததால்தான் பொலிஸில் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைக்கலாம். அரச முத்திரை குத்திய தாள் எதையாவது அவர்கள் தந்திருந்தால் ஆத்திரத்தில் கிழித்துப் போடாதீர்கள். பொலிஸார் எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான்.