ஃபீனிக்ஸ் பயாஸ் எடிட்டர் 2.2: மண்டி சர்வரை வி.எம். ஆக்கும்போது கைகொடுக்குமா?

வி.எம். (விர்ச்சுவல் மெஷின், கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஆன் ஆகும்போது திரையில் கடையின் லோகோ வரவேண்டும், தயாரிப்பாளர் பெயர் மாறவேண்டும் என்றால், பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் நிரல்) கோப்பைத் திருத்தும் இந்த எடிட்டர் போதும். பழைய பில்லிங் சாஃப்ட்வேர் கேட்கிற சீரியல் நம்பரை மாற்றத்தான் தேடுகிறீர்கள் என்றால் நிறுவவே வேண்டாம், நேரம்தான் வீண். மதுரையில் இதைப் பற்றி விசாரிக்கிறவர்களில் பலர் இந்த இரண்டாம் வகை. அதனால் அவர்கள் சங்கதியை முதலில் பார்த்துவிடலாம்.

கீழமாசி வீதி மளிகை மண்டியிலோ விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடையிலோ கல்லா மேஜைக்குக் கீழே ஒரு பழைய டவர் சர்வர் கிடக்கும். ஃபேன் இறக்கை முழுக்க மிளகாய்த் தூசி, உள்ளே விண்டோஸ் 2003, அதில் எவரோ எழுதிக் கொடுத்த பில்லிங். எழுதியவர் இப்போது தொழிலிலேயே இருக்கமாட்டார். பெட்டியைக் காயலான் கடைக்குப் போடவும் முடியாது. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கவேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். சரியென்று ஹார்ட் டிஸ்க்கை இமேஜ் (அப்படியே முழுப் பிரதி) எடுத்து வி.எம். ஆக்கினால், விண்டோஸ் எழுந்தாலும் பில்லிங் மட்டும் 'இந்தக் கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் இல்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இங்கே பயாஸைக் குறை சொல்லுமுன், சாஃப்ட்வேர் எதைப் பார்க்கிறது என்று தெரியவேண்டும். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே கமாண்ட் பிராம்ப்டில் மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: 'டபிள்யூஎம்ஐசி பயாஸ் கெட் சீரியல்நம்பர்', 'வால் சி:', 'கெட்மேக்' (ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்). முறையே பயாஸ் சீரியல், டிரைவின் வால்யூம் சீரியல், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கிடைக்கும். டிரைவின் வால்யூம் சீரியல் இமேஜோடு அப்படியே வந்துவிடும். புதிதாக ஃபார்மட் செய்து கோப்புகளை மட்டும் காப்பி அடித்தால்தான் மாறும். மேக் முகவரியைக் கெஸ்ட் (வி.எம்.முக்குள் ஓடும்) விண்டோஸின் நெட்வொர்க் அடாப்டர் பிராப்பர்ட்டீஸிலேயே மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் பொருந்தியும் லைசென்ஸ் ஏறவில்லை என்றால் பயாஸ் சீரியலைச் சந்தேகப்படலாம்.

அந்தச் சீரியலைத்தான் எடிட்டரால் தொட முடியாது. வி.எம்.களை ஓட்டும் சாஃப்ட்வேரான விஎம்வேரில் கெஸ்ட்டுக்குக் காட்டப்படும் சீரியல் 'விஎம்வேர்-56 4டி' என்று தொடங்கும். அது ரோம் கோப்பிலிருந்து (பயாஸ் இருக்கும் கோப்பு) வருவதில்லை, வி.எம்.எக்ஸ். கோப்பில் (வி.எம்.மின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) உள்ள 'யூயூஐடி.பயாஸ்' (வி.எம்.மின் அடையாள எண்) வரியைப் பார்த்து, வி.எம். ஆன் ஆகும் நேரத்தில் உருவாகிறது. எடிட்டரில் டி.எம்.ஐ. ஸ்ட்ரிங்ஸ் (தயாரிப்பாளர், மாடல் போன்ற விவரங்கள்) பக்கத்தில் எதை எழுதினாலும் சீரியல் இதே வழியில்தான் வரும். ஏற்கெனவே வி.எம்.மில் லைசென்ஸ் வாங்கி ஓடிக்கொண்டிருந்தது, வேறு ஹோஸ்ட்டுக்கு (வி.எம்.மை ஓட்டும் நிஜப் பெட்டி) மாற்றியதும் நின்றுவிட்டது என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான். முதல் தடவை திறக்கும்போது விஎம்வேர் 'நகர்த்தினீர்களா, காப்பி எடுத்தீர்களா' என்று கேட்கும். காப்பி என்று அழுத்தினால் யூயூஐடியும் மாறும், மேக் முகவரியும் மாறும். பழைய வி.எம்.எக்ஸ். கோப்பிலிருந்து அந்த ஒரு வரியையும் மேக் வரிகளையும் எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கு எடிட்டர் எதற்கு?

நிஜப் பெட்டியின் சீரியலே வேண்டும் என்பது வேறு நிலைமை. அதே பெட்டியையே ஹோஸ்ட் ஆக்கியிருந்தால் வி.எம்.எக்ஸ். கோப்பில் 'எஸ்எம்பயாஸ்.ரிஃப்ளெக்ட்ஹோஸ்ட்' என்ற வரிக்கு 'ட்ரூ' கொடுங்கள், ஹோஸ்ட்டின் சீரியல் உள்ளே தெரியும். ஹோஸ்ட் புதிய பெட்டி என்றால் புதிய சீரியல்தான் தெரியும், பயனில்லை. விஎம்வேருக்கு மாற்றான பிராக்ஸ்மாக்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது: வி.எம்.மின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் எஸ்.எம்.பயாஸ் டைப் 1 என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் சீரியல், தயாரிப்பாளர், மாடல் எல்லாம் நேரடியாகத் தட்டலாம். இன்னொரு மாற்றான விர்ச்சுவல்பாக்ஸிலும் 'செட்எக்ஸ்ட்ராடேட்டா' கட்டளையில் 'டிஎம்ஐ சிஸ்டம் சீரியல்' வழியாக முடியும். அங்கே ஒரு பொறி உண்டு. சீரியல் வெறும் எண்களாக இருந்தால் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் எண் என்று நினைத்து, வி.எம். ஸ்டார்ட் ஆகாமல் பிழை காட்டும். மதிப்புக்கு முன்னால் 'ஸ்ட்ரிங்:' என்று சேர்க்கவேண்டும். லைசென்ஸ் கடைக்காரர் பெயரில் இருந்து, பழைய பெட்டியை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் ஓட்டுவதற்குத்தான் இதெல்லாம். ஒரு லைசென்ஸை நாலு கிளைக்குப் பரப்புவதற்கும் விண்டோஸ் ஆக்டிவேஷனை ஏய்ப்பதற்கும் இங்கே வழி தேடாதீர்கள்.

இனி எடிட்டர். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனின் பழைய பாணி பயாஸ், இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட்டுக்கான ஃபீனிக்ஸ் பயாஸ் 4.0 ரிலீஸ் 6.0. எடிட்டர் அந்தக் குடும்பத்துக்கே எழுதப்பட்டது என்பதால் கோப்பைத் திறந்து படிப்பதில் தடுமாறுவதில்லை. ஆனால் இது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. இப்போது கைக்குக் கிடைக்கும் இன்ஸ்டாலர்கள் யார் யார் கையெல்லாமோ மாறி வந்தவை. கணக்கு இருக்கும் மெஷினில் ஏற்றாதீர்கள். நெட்வொர்க் துண்டித்த 32 பிட் எக்ஸ்பி வி.எம். ஒன்றை இதற்கென்றே வைத்து, ஸ்னாப்ஷாட் (பிறகு திரும்பிப் போக அப்போதைய நிலையின் பிரதி) எடுத்துவிட்டு நிறுவுங்கள்.

64 பிட் விண்டோஸில் நேராக நிறுவுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் டெம்ப் ஃபோல்டர். ரோம் கோப்பைத் திறந்ததும் எடிட்டர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தன் நிறுவல் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப்பில் போடுகிறது. அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்காவிட்டால், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் பயனர் ஃபோல்டரின் 'விர்ச்சுவல்ஸ்டோர்' பக்கம் திருப்பிவிடும். நீங்கள் ஒரு டெம்ப்பில் லோகோவை மாற்றிக்கொண்டிருப்பீர்கள், எடிட்டர் இன்னொரு டெம்ப்பை எடுத்துக் கட்டும். பிழைச் செய்தி ஒன்றும் வராது, பழைய லோகோவே மறுபடி வரும். நான்கு தடவை பில்ட் (துண்டுகளைச் சேர்த்து மறுபடி ரோமாகக் கட்டுவது) செய்தும் மாற்றம் தெரியவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும்.

கோப்பே திறக்கவில்லை என்றால் அளவைப் பாருங்கள். சரியான ரோம் 512 கே.பி., அதாவது மிகச் சரியாக 5,24,288 பைட். லினக்ஸ் ஹோஸ்ட்டில் 'விஎம்வேர்-விஎம்எக்ஸ்' கோப்பிலிருந்து ஆப்ஜ்காப்பி என்ற கருவி மூலம் 'பயாஸ்440' பகுதியை உருவினால் வருவது ஸெட்லிப் என்ற முறையில் சுருக்கிய கோப்பு. அதை விரிக்காமல் எடிட்டரிடம் கொடுத்தால் முழிக்கும்.

திறந்த பிறகு அடுத்த கோணல்: எடிட்டருக்குள் எதையாவது மாற்றாதவரை 'பில்ட் பயாஸ்' மங்கலாகவே கிடக்கும். டெம்ப்பில் நீங்கள் மாற்றியதை அது மாற்றமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே எடிட்டரை மூடாமல் டெம்ப் வேலையை முடித்து, திரும்பி வந்து டி.எம்.ஐ. ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்தை அழித்து அதே எழுத்தைத் தட்டுங்கள், பில்ட் விழித்துக்கொள்ளும். அசட்டுத்தனமான வழிதான், ஆனால் வேலை செய்கிறது. புதிய லோகோ கோப்பு பழையதைவிடப் பெரிதாகக் கூடாது. ரோமில் இடம் பற்றாமல் பில்ட் நின்றுவிடும். கட்டி முடித்த கோப்பும் அதே 5,24,288 பைட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படி.

வி.எம். பக்கம் வேலை சின்னது, தவறுகள்தான் அதிகம். ரோமை வி.எம். ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, வி.எம்.எக்ஸ். கோப்பில் 'பயாஸ்440.ஃபைல்நேம்' என்ற வரியில் கோப்பின் பெயரைக் கொடுக்கவேண்டும் (ஆங்கில எழுத்தில்தான்). வி.எம்.மை நிறுத்தி, விஎம்வேரையும் மூடிவிட்டு எழுதுங்கள்; இல்லையென்றால் அது தன் பிரதியை மேலே எழுதிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த வரியை ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகளும் கூடவே வரும், வி.எம்.எக்ஸ். கோப்பே பிழை என்று நிற்கும். நோட்பேடில் அந்தக் குறிகளை அழித்து நேர்க்குறியாகத் தட்டுங்கள். அதே கோப்பில் 'ஃபர்ம்வேர்' வரி 'இஎஃப்ஐ' (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புது வகை) என்றிருந்தால் உங்கள் ரோமை யாரும் தொடமாட்டார்கள், புது வி.எம்.களில் பல அப்படித்தான் உருவாகின்றன. செட்அப் மதிப்புகள் குழம்பினாலோ செக்சம் பிழை வந்தாலோ என்விராம் கோப்பின் (வி.எம்.மின் பயாஸ் செட்அப் மதிப்புகள் சேமிக்கப்படும் கோப்பு) பெயரை மாற்றி வையுங்கள், புதிது தானே உருவாகும்.

கறுப்புத் திரையோடு நின்றால் பதற வேண்டியதில்லை. மதர்போர்டில் பயாஸ் கெட்டால் எட்டுக் கால் சிப்பில் கிளிப் மாட்டி மறுபடி எழுதும் பாடு உண்டு. இங்கே மூல ரோம் விஎம்வேருக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது, சேர்த்த வரியை நீக்கினால் வி.எம். பழையபடி எழும். விண்டோஸ் தொடங்கும்போது 0xA5 என்ற நீலத்திரை வந்தால் அநேகமாக ரோமின் ஏ.சி.பி.ஐ. பகுதியில் (மின்சாரம், சாதனங்கள் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் பகுதி) கை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய பதிப்பிலிருந்து உருவிய ரோமைப் புதிய விஎம்வேரில் போட்டாலும் இந்த மாதிரிக் கோளாறுகள் வரும். விஎம்வேரை அப்கிரேட் செய்தால் அந்தப் பதிப்பிலிருந்தே ரோமை உருவி முதலிலிருந்து தொடங்குங்கள்.

காலேஜ் லேபுக்கு நெட்வொர்க் பூட் வேண்டும் என்பவர்களுக்கும் எடிட்டர் தேவையில்லை. நெட்வொர்க் வழியாக பூட் செய்யும் ஐபிஎக்ஸ்இ ரோமை, வி.எம்.மின் இ1000 நெட்வொர்க் கார்டுக்கு வி.எம்.எக்ஸ். வரியிலேயே காட்டிவிடலாம்.

மாற்றும் நாளைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் மாசி வீதிகளுக்குள் சர்வரைத் தூக்கிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை. போகும்போது ஹோஸ்ட் பெட்டிக்கு ஒரு புது சி.ஆர்.2032 பேட்டரியும் கொண்டு போங்கள். கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து, பேட்டரியும் செத்திருந்தால் ஹோஸ்ட்டின் தேதி பின்னால் போகும்; வி.எம். அதையே எடுத்துக்கொள்ளும், பில்லிங் பழைய தேதியில் பில் போடும். பேக்கப் எடுக்கும்போது டிஸ்க் கோப்போடு வி.எம்.எக்ஸ்., என்விராம், மாற்றிய ரோம் மூன்றையும் சேர்த்தே எடுங்கள். ரோம் விட்டுப்போனால், அந்த வரி இருக்கும்வரை வி.எம். பவர் ஆன் ஆகாது.