தேதியில் மிச்சம் பிடித்து, வழியில் செலவழித்தேன்: கூகுள் ஃப்ளைட்ஸும் ஒரு என்95-உம்

2021 அக்டோபரில் அம்மாவை வெளிநாட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அக்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மாவுக்கு 73 வயது, சர்க்கரை நோயும் உண்டு. இரண்டு டோஸ் கொரோனா தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஆனாலும் டெல்டா அலையைப் பார்த்த பயம் எனக்கு விடவில்லை. கையிலும் பணம் தாராளமாக இல்லை. அதனால் டிக்கெட் மலிவாகவும் இருக்க வேண்டும், அம்மா நோய் வாங்காமல் போய்ச் சேரவும் வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் கூகுள் ஃப்ளைட்ஸில் தேடினேன்.

இது டிக்கெட் விற்கும் கடை அல்ல. விலைகளைத் திரட்டிக் காட்டிவிட்டு, வாங்குவதற்கு விமான நிறுவனத்தின் தளத்துக்கோ ஏதாவது ஏஜென்டிடமோ அனுப்பிவிடும். இதில் நான் அதிகம் புழங்கியது நாள்காட்டி. தேதிப் பெட்டியைத் தொட்டாலே அடுத்தடுத்த மாதங்களின் ஒவ்வொரு நாளுக்கும் குறைந்த கட்டணம் எவ்வளவு என்று விரிகிறது. மலிவான நாட்கள் பச்சையில் தெரிகின்றன. முதலில் நான் பார்த்து வைத்திருந்தது ஒரு வெள்ளிக்கிழமை. புதன்கிழமைக்கு மாற்றியதும் கட்டணத்தில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. கூட்டமும் வெள்ளியைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், அப்படித்தான் இருந்தது.

விலைக் கண்காணிப்பை ஆன் செய்து வைத்தால் கட்டணம் ஏறி இறங்கும்போது மின்னஞ்சல் வருகிறது. இந்த வழித்தடத்துக்கு இப்போதைய விலை குறைவா, வழக்கமானதா, அதிகமா என்றும் ஒரு வரி காட்டும். பெருந்தொற்றில் விமானங்களின் எண்ணிக்கையே வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்ததால், "வழக்கமான விலை" என்ற சொல்லை நான் அப்படியே நம்பிவிடவில்லை. மூன்று வாரம் மின்னஞ்சல்களைப் பார்த்தேன். ஒருமுறை நன்றாக இறங்கியது, அப்போது வாங்க முடிவு செய்தேன்.

வாங்கும் முன் ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன். பட்டியலில் ஆக மலிவானது இரண்டு இடங்களில் மாறிப் போகும் பயணம். மொத்தம் 31 மணி நேரம், அதில் 11 மணி நேரம் ஒரே விமான நிலையத்தில் காத்திருப்பு. போதாததற்கு முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் அல்ல, தனித்தனி டிக்கெட்டுகள். தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுத்து, குடியேற்றச் சோதனையைக் கடந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சாதாரண நாட்களில் அது அலைச்சலோடு போய்விடும். 2021-இலோ, அந்த இடைவழி நாட்டுக்குள் நுழைகிறவர்களுக்கான பரிசோதனை விதிகளும் தனிமைப்படுத்தல் விதிகளும் நம்மையும் பிடித்துக்கொள்ளும். ஆர்டி-பிசிஆர் சான்றுக்குப் பல இடங்களில் 72 மணி நேரக் கெடு இருந்தது; சில இடங்களில் மாதிரி கொடுத்த நேரத்திலிருந்தே எண்ணுவார்கள். 31 மணி நேரப் பயணத்தில் ஒரு விமானம் தாமதமானாலும் அந்தச் சான்று கைவிட்டுப் போகலாம்.

ஒரே இடத்தில் மாறும், இரண்டு மணி நாற்பது நிமிடம் மட்டும் காத்திருக்கும் பயணம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று முறை ஏறி இறங்குவதற்குப் பதிலாக இரண்டு முறை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு வரிசை, ஓர் அடைத்த பாதை, கதவு மூடும்வரை நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். புதன்கிழமையால் மிச்சமான பணம் இந்தக் கூடுதலை ஈடுகட்டப் போதுமானதாக இருந்தது. வாங்கினேன். மொத்தப் பயண நேரத்தையும், மாறும் விமான நிலையத்தையும் வடிகட்டும் வசதி இந்தத் தளத்தில் இருக்கிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் விலை வரிசையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் அமைத்துவிடுங்கள்.

டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேராக வாங்கினேன். காரணம் உண்டு. 2020-இல் சிறு தொகைக்கு ஆசைப்பட்டு ஓர் இணைய ஏஜென்டிடம் வாங்கியிருந்தேன். விமானம் ரத்தானது. ஏஜென்டைக் கேட்டால் விமான நிறுவனத்தைக் கேள் என்றார்கள், அங்கே கேட்டால் ஏஜென்டிடம் போ என்றார்கள். பணம் திரும்பி வர ஒன்பது மாதம் ஆனது. நிறுவனமே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சட்டம். ஆனால் நடுவில் ஓர் ஆள் இருந்தால் அந்தப் பணத்தைக் கையில் வாங்குவதற்குள் உயிர் போய்விடுகிறது. கட்டணம் செலுத்தாமல் தேதி மாற்றலாமா என்பதையும் இந்த முறை டிக்கெட் விதிகளில் வரி விடாமல் படித்தேன்.

அப்புறம் முகக்கவசம். காதில் மாட்டும் துணிக் கவசம்தான் அம்மாவுக்குப் பழக்கம். நான் வாங்கியது தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போகும் என்95. நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டையாவது வடிகட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஆனால் முகத்தோடு ஒட்டாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. முதல் மாதிரியில் அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் உடனே ஆவி படிந்தது, அதாவது மூக்கோரம் காற்று கசிகிறது. இரண்டாவது, படகுபோல விரியும் மாதிரி. மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திவிட்டதும் கண்ணாடி தெளிவாக இருந்தது. "காது வலிக்கலடி, இதுவே இருக்கட்டும்" என்றார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பழக்கினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று இன்றும் சொல்வேன்.

கரியமில வாயுவை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றையும் பையில் வைத்திருந்தேன். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். மற்றவர் விட்ட மூச்சு ஓரிடத்தில் சேரச் சேர எண் ஏறும். விமானத்துக்கு அழைத்துப் போன பேருந்தில் 2,300. கதவு மூடி, விமானம் நின்றுகொண்டிருந்தபோது 1,900. உயரே பறக்கும்போது 1,400-ஐ ஒட்டியே நின்றது. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பெரிய விமானங்களில் உள்ளே சுழலும் காற்று ஹெப்பா வடிகட்டி வழியாகப் போகிறது. அது நுண்துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும், கிருமி சுமக்கும் துளிகளும் அதில் அடக்கம். கரியமில வாயுவை அது பிடிக்காது. அதனால் ஒரு பேருந்தில் 1,400 காட்டுவதும் பறக்கும் விமானத்தில் 1,400 காட்டுவதும் ஒன்றல்ல. விமானம் தரையில் நிற்கும்போதுதான் காற்றோட்டம் குறையலாம். இதைத் தெரிந்துகொண்டதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அம்மா கவசத்தைத் தொடக்கூடாது, தண்ணீர் குடிப்பதெல்லாம் மேலே போன பிறகுதான் என்று வைத்துக்கொண்டோம். மீட்டர் அவசியமா என்று கேட்டால், இல்லை. அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பெட்டி நல்ல கவசம் வாங்கலாம்.

அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை பிடித்தேன். நடைபாதையில் போகிறவர்கள் உரசுவது குறையும். தலைக்கு மேலுள்ள காற்றுத் துளையைத் திறந்தே வைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சோம்பல் வரும், அதுதான் சிக்கல். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு என்பதால், மணிக்கொரு முறை கணுக்காலைச் சுழற்றச் சொன்னேன், இரண்டு முறை நடக்க வைத்தேன். மாத்திரைகளும் சர்க்கரை அளக்கும் கருவியும் கைப்பையில்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் இருவரும் பரிசோதித்துக்கொண்டோம், இரண்டிலும் தொற்று இல்லை. ஐந்தாம் நாள் முடிவு வந்த பிறகுதான் அம்மா அக்காவின் கட்டிலருகே கவசமில்லாமல் உட்கார்ந்தார். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு அன்றிரவே கண்காணிப்பைப் போட்டேன், அதுவும் புதன்கிழமைகளுக்கே.