இரண்டாம் பிரிவில் இன்னொரு பருவமா, முதற்பிரிவா?

கணினியில் ஓடும் இணையவழிக் கார்ப் பந்தய விளையாட்டான ஐரேசிங்கில் நாங்கள் ஓடும் லீக்கில், இரண்டாம் பிரிவின் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவர் அடுத்த பருவத்தில் முதற்பிரிவுக்கு ஏறலாம், விரும்பாவிட்டால் இருந்த இடத்திலேயே ஓடலாம். இம்முறை அந்த வாய்ப்பு ஹட்டனில் இருக்கும் எனக்கும் பண்டாரவளையில் இருக்கும் என் மச்சானுக்கும் ஒன்றாகவே வந்திருக்கிறது. நான் ஏறுகிறேன், அவர் நிற்கிறார்.

நிற்பதன் பயன் சிறியதன்று. கிண்ணம் வெல்லும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. முன்னணியில் ஓடி, பின்னால் வருபவரைத் தடுத்துப் பழகுவதும் ஒரு தனிப் பயிற்சி. ஆனால் இருபது நிமிடப் பந்தயத்தில் எல்லோரும் முதல் வளைவிலேயே இடம் பிடிக்கப் பாய்வதால், நன்றாக ஓடியவர்கூட அடுத்தவர் தவறால் சுவரில் முடிவது அங்கே வழக்கமாகிவிட்டது.

முதற்பிரிவின் பந்தயம் நாற்பத்தைந்து நிமிடம். விருந்தினராக ஒருமுறை லகூனா சேக்கா என்ற அமெரிக்கப் பந்தயத் தடத்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் அவர்களோடு ஓடினேன். இரண்டாம் வளைவான அன்ட்ரெட்டி கொண்டையூசி வளைவில் ஒருவர் உட்பக்கமாக என்னோடு சேர்ந்து நுழைந்தார். வளைவு முடியும்வரை தன் கோட்டை விட்டு அவர் விலகவில்லை. வெளிப்பக்கத்தில் எனக்கு ஒரு காரின் அகலத்தை அப்படியே விட்டுவைத்தார். மோதிவிடுவார் என்று பழக்கதோஷத்தில் நான் ஆக்சிலரேட்டரை விட்டதால் இரண்டு இடங்கள் பறிபோயின. என்னிடம் இல்லாதது வேகமன்று, பக்கத்தில் ஓடுபவர் மீதான நம்பிக்கை என்பது அங்கே புரிந்தது.

என் மிகச்சிறந்த சுற்று அவர்களுடைய நடுத்தர ஓட்டுநரைவிட 0.4 செக்கன்தான் பின்தங்குகிறது. பந்தயம் முழுவதற்குமான சராசரியை எடுத்தால் அந்த இடைவெளி ஒரு செக்கனைத் தாண்டுகிறது. 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்தையும் ராதெல்லப் பந்தயத்தையும் பார்த்து வளர்ந்த நாம், கடிகாரத்தோடு தனியாகப் போட்டியிடும் ஒரே ஓட்டத்தைத்தான் திறமையின் அளவாக எண்ணப் பழகியிருக்கிறோம். பிரிவு மாறுவதா என்று முடிவெடுக்க அந்த அளவு உதவாது. சராசரிக்கும் சிறந்த சுற்றுக்கும் உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். அது நீண்ட பந்தயத்தில், நம்மைவிட நல்லவர்கள் நடுவில் ஓடினால்தான் குறையும் என்பது என் கருத்து.

ஏறினால் ஓட்டுநரின் திறனை அளக்கும் புள்ளியான ஐரேட்டிங் சரிந்துவிடும் என்று மச்சான் சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. லீக் பந்தயங்கள் ஐரேட்டிங்கையோ, மோதாமல் ஓடுவதை அளக்கும் பாதுகாப்புத் தரத்தையோ தொடுவதில்லை. அவை ஐரேசிங் தானே நடத்தும் அதிகாரபூர்வப் பந்தயங்களில் மட்டுமே மாறும். அந்தப் பந்தயங்களிலும், வலியவர்களிடம் தோற்றால் இழப்பு குறைவு, மெலியவர்களிடம் தோற்றால்தான் அதிகம். லீக்கை விட்டு அவற்றை மட்டுமே ஓடுவது மூன்றாவது வழி. கூட்டம் நிறைந்த நேரத்தில் ஐரேட்டிங்படி குழு பிரிப்பதால் சமமானவர்கள் கிடைப்பார்கள் என்றாலும், வாராவாரம் அதே முகங்களோடு ஓடிப் பழகும் வாய்ப்பு அதில் இல்லை.

மச்சான் சொன்ன மற்றக் காரணங்கள் கனமானவை. முதற்பிரிவு மத்திய ஐரோப்பிய நேரம் இரவு எட்டுக்குத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் நமக்கு அது நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. பிராங்பேர்ட் சர்வருக்கு என் வீட்டிலிருந்து 170 மில்லிசெக்கன் தாமதம் காட்டுகிறது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் அதற்குள் ஒன்பது மீற்றருக்கு மேல் ஓடிவிடும். மென்பொருள் இடைப்பட்டதை ஊகித்து நிரப்பினாலும், நெருங்கி ஓடும் பிரிவில் தொடாத காரோடு மோதல் பதிவாகும் அபாயம் கூடுகிறது. ஆகவே கேபிள் இணைப்பு அவசியம், வைஃபை போதாது. மின்சாரம் போனாலும் ஓட்டம் அறுபடாதிருக்க, யூபிஎஸ்ஸில் கணினியோடு ரவுட்டரையும் இணைத்திருக்க வேண்டும்.

மழையும் இங்கே ஒரு கணக்குத்தான். ஐரேசிங்கின் பன்னிரண்டு வாரப் பருவங்கள் ஆண்டுக்கு நான்கு; லீக்கும் அதே அட்டவணையில் ஓடுகிறது. டிசம்பரில் தொடங்கும் பருவம், ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னல் ஓய்ந்து ஹட்டன் பக்கம் வெளுக்கும் காலத்தில் விழுகிறது. பண்டாரவளை இருக்கும் ஊவாவில் அப்போதுதான் வடகீழ்ப் பருவமழை. மின்சாரம் அடிக்கடி போகும் என்கிறார் மச்சான். ஹட்டனில் தென்மேல் மழை கொட்டும் ஜூன் மாதத்தில் பண்டாரவளை காய்ந்திருக்கும். அந்தப் பருவத்தில் ஏறுவதாக அவர் சொல்லியிருக்கிறார், அதுவரை இரண்டாம் பிரிவின் கிண்ணத்துக்காக ஓடுவார்.