காட்பாடியில் வாங்கிய குட்டைச் சிங்கமீன்

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் ஒரு வண்ணமீன் கடையில் இந்தக் குட்டைச் சிங்கமீனை (dwarf lionfish என்கிற சின்னக் கடல்மீன்) வாங்கினேன். விரல் நீளம்தான். "ரொம்ப சாதுங்க சார்" என்றார் கடைக்காரர். முதுகில் 13 விஷமுள் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. தொட்டி கழுவும்போது ஒன்று குத்தி, முழங்கை வரை கடுத்தது. கை பொறுக்கும் வெந்நீரில் அரைமணி நேரம் வைத்த பிறகுதான் தணிந்தது. அந்த விஷம் புரதம், சூட்டில் சிதைந்துவிடும்.

மற்றபடி மீன் அருமை. பவளப்பாறை இடுக்கில் பகலைக் கழிக்கிற இனம், அதனால் விளக்கு எரியும்வரை கல் பொந்தை விட்டு நகராது. அணைத்தால் விசிறி போலத் துடுப்பை விரித்து, இறாலை மூலையில் மடக்கி, லபக்! கூட விட்ட இரண்டு குட்டி மீன்களையும் காணோம், சரி, அது என் தப்பு. வேலூர் வெயிலுக்குத் தொட்டி மேல் தனி மின்விசிறி வேறு. மூன்று ஸ்டார்.