ஹட்டனில் ஒரு மாதிரிப் புகையிரதக் கூடம்

ஹட்டன் நகரை அடுத்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் அமைத்துள்ள மாதிரிப் புகையிரதக் கூடத்தை, இலங்கையின் மலையகப் புகையிரதப் பாதையை நேசிக்கும் எவரும் பார்க்க வேண்டும்.

கூடத்தின் உயிர் தெமோதரை வளையமே. பதுளை நோக்கிய பாதை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் கீழுள்ள சுரங்கத்தினுள் நுழைவதை வண்டி ஓடும்போதே காணலாம். எமது அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கிடையிலான இடைவெளி 1676 மில்லிமீற்றர். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளியோ 16.5 மில்லிமீற்றர். ஆகவே அவர் எல்லாவற்றையும் நூறில் ஒரு பங்காகச் செய்திருக்கிறார். பெட்டிகளின் அகலமும் பாதையின் அகலமும் இயல்பாகப் பொருந்துவதற்கு இந்தத் தெளிவான முடிவே காரணம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற, பின்னர் மூடப்பட்ட குறும்பாதைக்கு மட்டும், நூறில் ஒரு பங்குக்கு வேண்டியதைவிட அகலமான 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தைப் பயன்படுத்தியிருப்பதால் அது சற்று அகன்று தெரிகிறது. அதைத் திருத்தினால் நன்று.

முத்திரைகளும் பழைய தேயிலைப் பெட்டிச் சின்னங்களும் ஒரு சுவரை நிறைக்கின்றன. என்னை அதிகம் நிறுத்திவைத்தது, தமிழகக் கரையில் தோட்டத் தொழிலாளரைத் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் முகாம் வழியாக வந்த எம் முன்னோர் கழுத்தில் அணிந்த, தோட்ட எண் பொறித்த தகர வில்லை. புகையிரதத்தின் வரலாற்றோடு தொழிலாளரின் வரலாற்றையும் சேர்த்து வைத்த அவருடைய நேர்மை பாராட்டுக்குரியது.

கட்டணம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்வது நல்லது.