வெளிநாட்டு ஆய்வகத்தில் இடம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி 1,85,000 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: கடலூர், புதுச்சேரி மாணவர்களும் பெற்றோரும் கவனிக்கவும்

இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகத்துக்கு வருகை ஆய்வு மாணவராக அனுப்பிவைப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கும் கல்வி ஆலோசனை நிறுவனம் ஒன்று புதுச்சேரியில் இயங்கிவருகிறது. அந்த நிறுவனத்திடம் எங்கள் குடும்பம் 1,85,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்காது, உங்களால் ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேற்று மாலை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கு மாணவர் சேர்க்கை என்று இந்த வாரமும் அவர்கள் விளம்பரம் செய்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். என் தம்பி புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றில், உப்பைத் தாங்கி வளரும் நுண்ணுயிரிகளைப் பற்றி ஆராய வேண்டும் என்பது அவன் பள்ளி நாட்களிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கும் ஆசை. ஒரு கோடை காலம் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் வேலை பழகிவிட்டு வந்தால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது நல்ல பரிந்துரைக் கடிதம் கிடைக்கும் என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் அந்த நிறுவனத்தின் விளம்பரம் அவன் கைப்பேசிக்கு வந்தது.

நவம்பரில் அம்மாவும் நானும் தம்பியும் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனோம். எங்களை வரவேற்ற ஆலோசகர் பெண்மணி அம்மாவுக்கு முதலில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். பணத்தைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. தம்பியிடம் அவன் படிப்பைப் பற்றி நிதானமாகக் கேட்டார். அவன் சொல்லச் சொல்ல, பிச்சாவரம் என்ற பெயரையும் அவிசென்னியா என்ற தாவரப் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் தம் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு கணினியைத் திருப்பி, கடற்கரை நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றை நடத்தும் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தைக் காட்டி, "தம்பி சொல்ற அதே வேலையைத்தான் இந்த சார் பண்றார். எங்களோட அவருக்கு டை-அப் இருக்கு. ரெண்டு சீட்தான், ஒண்ணு தம்பிக்குன்னு எடுத்து வெக்கறேன்" என்றார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீங்க கவலையே படாதீங்க, இது என் தம்பி மாதிரி" என்று சொன்னதையும் நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். பேராசிரியர் உண்மையானவர், ஆய்வகம் உண்மையானது, பையன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட மனிதரும் எதிரே இருக்கிறார். சந்தேகப்பட அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. இப்படி நம்பவைப்பதையே தொழிலாகப் பழகிவைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

பதிவுக் கட்டணம் என்று அன்றே 15,000 ரூபாய் வாங்கினார்கள். அது என் சம்பளப் பணம். டிசம்பரில், பேராசிரியர் சம்மதித்துவிட்டார், ஆய்வக இடத்தை உறுதி செய்ய வேண்டும் என்று 1,20,000 ரூபாய் கேட்டார்கள். அம்மா தம்முடைய மூன்று சவரன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கொடுத்தார். பிப்ரவரியில் விசா ஆவணங்களுக்கும், வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு முறையான செவிஸுக்குரிய கட்டணத்துக்கும் சேர்த்து 50,000 ரூபாய். சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்துக் கட்டினோம். ஆக மொத்தம் 1,85,000 ரூபாய். முதல் தொகைக்கு மட்டும் கையால் எழுதிய ரசீது ஒன்று தந்தார்கள். மற்றவற்றுக்குக் கேட்டபோது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டே போதும் என்றார்கள். யுபிஐ வழியாகப் பணம் போய்ச் சேர்ந்தது தனிமனிதர் ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கு.

ஜனவரியில் அழைப்புக் கடிதம் ஒன்று வந்தது. பல்கலைக்கழகத்தின் முத்திரை, பேராசிரியரின் பெயர், நீல மையில் கையெழுத்து என எல்லாம் இருந்தன. அதில் ஆய்வுத் திட்டத்தின் விளக்கம் என்று ஒரு பத்தி இருந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு, "அக்கா, இது நான் ஃபார்ம்ல எழுதிக் கொடுத்ததுதான், ஒரு வார்த்தை கூட மாறல" என்றான். கேட்டதற்கு, "உங்க ஐடியா சாருக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு" என்று பதில் வந்தது. கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரியோ யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கிக்கொள்ளக்கூடிய வகையைச் சேர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முகவரிகளின் முடிவில் வரும் 'இடியு' என்ற மூன்றெழுத்து அதில் இல்லை.

உண்மை வெளிவந்தது ஒரே ஒரு தாளால். அமெரிக்காவுக்கு இப்படிப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் ஜே-1 என்னும் பரிமாற்றப் பயணி விசாவில்தான் போகிறார்கள். அதற்கு, அழைக்கும் பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 என்ற படிவத்தை வழங்கியாக வேண்டும். தூதரக நேர்காணலுக்குப் போவதற்கு முன்பே அது மாணவனின் கையில் இருக்க வேண்டும். இந்த நிறுவனமோ, நேர்காணல் முடிந்த பிறகு அந்தப் படிவம் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. தம்பியின் துறையில் ஒரு பேராசிரியை அமெரிக்காவில் ஆய்வுப் பணியில் இருந்துவிட்டு வந்தவர். அவரிடம் தம்பி தன் கோப்பைக் காட்டினான். செவிஸ் கட்டணம் செலுத்தியதற்கான ரசீது என்று அவர்கள் தந்திருந்த வண்ண அச்சுத் தாளை அவர் எடுத்துப் பார்த்தார். மாணவருக்குரிய செவிஸ் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் 'பரிசீலனையில்' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் மட்டும் இருந்தது. அந்த எண் 'என்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கி, அதையடுத்துப் பத்து இலக்கங்களுடன் டிஎஸ்-2019 படிவத்திலேயே அச்சாகி வரும் என்றும், அந்த எண் இல்லாமல் கட்டணம் செலுத்தவே வழியில்லை என்றும் அவர் சொன்னார். ஜே-1 மாணவருக்கு அந்தக் கட்டணம் 220 டாலர். அந்தத் தாளுக்கும் சேர்த்துத்தான் எங்களிடம் 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தப் பேராசிரியை சொன்னபடி, பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பேராசிரியரின் முகவரிக்கே தம்பி நேரடியாக எழுதினான். மறுநாளே பதில் வந்துவிட்டது. இப்படி ஒரு நிறுவனத்தைத் தமக்குத் தெரியாது, அந்தக் கடிதத்தைத் தாம் எழுதவில்லை, தம்முடைய பெயரைப் பயன்படுத்தியிருப்பது தமக்கு வருத்தமளிக்கிறது என்று அந்தப் பேராசிரியர் மரியாதையாக எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து தம்பி யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு அந்த நிறுவனம் எங்களை அலைக்கழித்த விதம்தான் பணம் போனதைவிட அதிகமாக எரிச்சலூட்டுகிறது. தொலைபேசியில் அழைத்தால், "இப்போ அங்க ராத்திரி, காலைல கேட்டுச் சொல்றோம்" என்பார்கள். காலையில் அழைத்தால், பேராசிரியர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்பார்கள். அந்தப் பேராசிரியரின் பதிலையே எடுத்துக் காட்டியபோது, நீங்கள் நேரடியாக எழுதியதால்தான் இடம் போய்விட்டது என்று பழியைத் தம்பியின் தலையிலேயே போட்டார்கள். பிறகு வேறு நாட்டில் இடம் பார்க்கலாம், கூடுதலாக 40,000 ரூபாய் கட்டுங்கள் என்றார்கள். அதற்கும் நாங்கள் இசையாதபோது, வீட்டிலிருந்தே செய்யும் இணையவழிப் பயிற்சிக்குச் சான்றிதழ் தருகிறோம், அதோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நேற்று அப்பாவும் நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு வந்தார். என் தம்பி மாதிரி என்று சொன்ன அதே பெண்மணி, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. மேலாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி, "படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். கொடுத்த 1,85,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான்.

காவல் துறையிலும் எங்களுக்கு உடனே வழி பிறக்கவில்லை. நிறுவனம் புதுச்சேரியில் இருப்பதால் அங்கே போகச் சொன்னார்கள். அங்கே போனால், பணம் கடலூர்க் கணக்கிலிருந்து போயிருப்பதால் கடலூரில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் அதை மனுவிலேயே குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் இந்த இடங்களுக்கு இடைத்தரகரே தேவையில்லை என்பதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. கனடாவின் மிட்டாக்ஸ் அமைப்பு நடத்தும் குளோபலிங்க் ஆய்வுப் பயிற்சி 12 வாரங்கள் நடைபெறுவது; இந்திய இளநிலை மாணவர்கள் அதன் இணையதளத்தில் தாங்களே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் இந்திய அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கென்றே நடத்திவந்திருக்கும் வைஸ் திட்டத்தில், மாணவர் தாமே அங்குள்ள பேராசிரியருக்கு எழுதிச் சம்மதம் பெற்று விண்ணப்பிப்பதுதான் முறை. ஜப்பானில் ஒகினாவாவில் உள்ள அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், ஆய்வுப் பயிற்சிக்குத் தேர்வாகும் மாணவர்களுக்குத் தானே நாள்படி கொடுக்கிறது. இவை எல்லாவற்றிலும் போட்டி கடுமையானது என்பது உண்மைதான். ஆனால் இடத்தை விலைக்கு விற்பவர் எவரும் அங்கே இல்லை. வருகை மாணவர்களிடம் கட்டணம் வாங்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அவையும் தேர்வான பிறகு, தம் பெயரில் உள்ள கணக்குக்கே பணத்தைக் கேட்கும். இங்கிருந்து அப்படி அனுப்பும் பணம், ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணப்பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஏ2 படிவமும் பான் எண்ணும் கொடுத்து வங்கி வழியாகத்தான் போகும். புதுச்சேரியில் ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கு யுபிஐயில் போகும் பணம் எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சேராது.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவின் நகல்களை இன்று மதியத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதாலும், மனம் நிலைகொள்ளாததாலும், அவசரமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பேராசிரியரின் பெயரை யாராவது காட்டினால், பணம் கட்டும் முன்பே பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். அமெரிக்கா என்றால், டிஎஸ்-2019 படிவம் கைக்கு வராமல் விசாவின் பெயரால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். உரிய ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். ரசீது இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள், தாமதித்தால் கணக்கில் பணம் இருக்காது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

அதே நிறுவனத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இருந்தால் இரண்டாம் தவணையைக் கொடுக்காதீர்கள். அவர்களோடு நடந்த உரையாடல்களையும் அனுப்பிய கடிதங்களையும் இப்போதே வேறு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களை அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து நேற்று இரவே நீக்கிவிட்டார்கள். அவர்கள் போட்டிருந்த பழைய செய்திகள் பலவற்றையும் அதற்கு முன்பே அழித்திருந்தார்கள்.